பத்து மணித் தேத்தண்ணியும் சீனிக் கணக்கும்: தோட்டத் தலைவர்மாருக்கும் மாதர் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோட்டத் தலைவர்மாருக்கும், மாதர் சங்கத்து அக்காமார் தங்கச்சிமாருக்கும் வணக்கம்.

உங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்களுக்குக் கொடுக்கிற பத்து மணித் தேத்தண்ணிக்கு 10 லீட்டர் வாளியில் எத்தனை கிராம் சீனி விழுகிறது? கொழுந்து எத்தனை கிலோ, தண்ணிக்கு எவ்வளவு கழித்தார்கள், சாக்குக்கு எவ்வளவு கழித்தார்கள் என்று விடாமல் கணக்குக் கேட்கிறவர்கள் நீங்கள். இந்த ஒரு கணக்கை மட்டும் தேத்தண்ணி ஊற்றுகிறவரின் கைப்பிடிக்கு விட்டிருக்கிறோம். அதை நீங்கள் கையில் எடுக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கிளினிக்குக்குப் போகிற அம்மாவிடம் "உடம்பைக் குறைங்க, சீனியைக் குறைங்க" என்று சொல்லி அனுப்புகிறார்கள். அவர் தலையாட்டிவிட்டு லயத்து வீட்டுக்கு வருகிறார். அங்கே ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே கேத்தலில் சீனி கரைத்து வைத்திருக்கிறது. தேயிலை மலைக்கு வேலைக்குப் போனால் வாளியிலும் கரைத்தே வருகிறது. கரைந்துபோன சீனியை அவர் எப்படிக் குறைப்பார்? இரண்டு மாதம் கழித்து எடை கூடித்தான் இருக்கும். "வாயைக் கட்டத் தெரியாத ஆள்" என்று பெயர் அவருக்கு வரும். வாயில் குற்றமில்லை. சீனி வாளிக்குள் போகும் இடத்திலேயே முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. அந்த இடம் உங்கள் கைக்கு எட்டுகிற இடம்.

முதலில் அளவைப் பார்ப்போம். மட்டம் தட்டிய ஒரு தேக்கரண்டிச் சீனி சுமார் 5 கிராம். நம்மவர்கள் யாரும் மட்டம் தட்டிப் போடுவதில்லை. குவித்து அள்ளுகிற கரண்டியில் 7 கிராம், சில வீட்டுக் கரண்டியில் 8 கிராமும் நிற்கும். கோப்பைக்கு அப்படி இரண்டு கரண்டி, நாளைக்கு ஐந்து கோப்பை என்றால் 70 கிராம். ஒரு கிராம் சீனிக்கு 4 கலோரி வீதம் 280 கலோரி. இதில் பிஸ்கட், பணிஸ், சோடா எதுவும் சேரவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2015ல் சொன்ன அளவு, ஒருவர் நாளெல்லாம் உண்ணும் சக்தியில் சேர்த்த சீனி பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது. 2,000 கலோரி உண்கிறவருக்கு அது 50 கிராம். அதையும் பாதியாக்கி 25 கிராமுக்குள், அதாவது மட்டமான ஐந்து கரண்டிக்குள் வைத்தால் இன்னும் நல்லது என்றும் அதே வழிகாட்டல் சொல்கிறது.

வீட்டுக் கணக்கைப் பார்க்கத் தராசு தேவையில்லை. கடைப் பற்றுக் கொப்பியை எடுங்கள். மாதம் வாங்கிய சீனி எத்தனை கிலோ என்று பாருங்கள். அதை 1,000ஆல் பெருக்கி, 30ஆல் வகுத்து, வீட்டில் இருக்கிற ஆட்களின் எண்ணிக்கையால் வகுங்கள். ஐந்து பேர் உள்ள வீட்டில் மாதம் 6 கிலோ என்றால் ஆளுக்கு நாளைக்கு 40 கிராம். 25 கிராமுக்குள் நிற்க வேண்டுமானால் அதே வீட்டுக்கு மாதம் 4 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வாங்க வேண்டும். மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு நாள் எல்லோரும் தங்கள் கொப்பியைக் கொண்டுவந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது. அவரவர் எண்ணை அவரவர் எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

இன்னொரு அளவுகோலும் இருக்கிறது. 2016 முதல் நம் நாட்டில் சோடாப் போத்தல்களில் சீனிக்கு நிறப் புள்ளி போடுகிறார்கள். 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் குறைந்தால் பச்சை. இந்த அளவை நம் தேத்தண்ணிக் கோப்பைக்கு வைத்துப் பாருங்கள். 180 மில்லிலீட்டர் கோப்பையில் குவித்த மூன்று கரண்டி போட்டால் 21 கிராம். 100 மில்லிலீட்டருக்கு 11 கிராமைத் தாண்டிவிட்டது. கடையில் சிவப்புப் புள்ளியோடு நிற்கிற போத்தலும், நம் அடுப்பில் நிற்கிற கேத்தலும் சீனி விஷயத்தில் ஒன்றுதான். பச்சைப் புள்ளிக்கு அதே கோப்பையில் மட்டமான ஒரு கரண்டிக்கும் குறைவாகப் போட வேண்டும்.

இவ்வளவு சீனி ஏன் தேவைப்படுகிறது என்று கேட்டால், தேத்தண்ணியின் கசப்பு முதல் காரணம். தூளைத் தண்ணியோடு போட்டுக் கொதிக்கக் கொதிக்க அடுப்பில் விடுகிறோம். பிறகு அதே தூளில் இன்னும் தண்ணி ஊற்றி மறுபடி கொதிக்க வைக்கிறோம். தூள்த் தேயிலை பொடியாக இருப்பதால் இரண்டு மூன்று நிமிடத்தில் நிறமும் மணமும் இறங்கிவிடும். அதற்கு மேல் கொதித்தால் துவர்ப்பும் கசப்பும்தான் இறங்கும். அந்தக் கசப்பை மூடத்தான் மூன்றாவது கரண்டிச் சீனி. உலகத்துக்கே தேயிலை அனுப்புகிற மலையில், அதைப் பறிக்கிறவர்கள் காய்ந்து கசந்த தண்ணியைச் சீனி போட்டு விழுங்குவது எங்களுக்கு மனம் பொறுக்காத காரியம்.

ஊற்றுகிற முறையை மாற்றினால் சீனி தானாக ஒரு கரண்டி குறையும். 5 லீட்டர் தண்ணியைத் தனியே நன்றாகக் கொதிக்க வையுங்கள். அடுப்பை விட்டு இறக்கி, 50 முதல் 60 கிராம் தூளைப் போட்டு மூடுங்கள். மூன்று நிமிடம் கழித்து வடித்து வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். மாற்றுவதுதான் முக்கியம். தூள் அடியில் கிடந்தால் அடுப்பில் இல்லாமலே கசந்துகொண்டிருக்கும். தட்டிய இஞ்சி ஒரு துண்டு, ஏலக்காய் இரண்டு மூன்று, அல்லது ஒரு பிடி வறுத்த கொத்தமல்லி சேர்த்தால் இனிப்புக் குறைந்தது நாக்குக்கு அவ்வளவு தெரியாது. மலைக்குக் கொண்டுபோகிற போத்தலிலும் வடித்த தேத்தண்ணியைத்தான் ஊற்ற வேண்டும்.

இரண்டாவது, சீனியைத் தேத்தண்ணியிலிருந்து பிரிப்பது. நம் பெரியவர்கள் உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து, நுனிநாக்கால் தொட்டுத் தொட்டு வெறுந்தேத்தண்ணி குடிப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதைப் பஞ்ச காலத்துப் பழக்கம் என்று இளசுகள் விட்டுவிட்டார்கள். அளவுக்கு அதைவிட நல்ல முறை கிடையாது. கோப்பையில் கரைந்த சீனி 180 மில்லிலீட்டர் தண்ணியில் பரந்து போகிறது. கையில் இருக்கிற சீனி நேரே நாக்கில் படுகிறது. அதனால் மட்டமான ஒரே கரண்டி முழுக் கோப்பைக்கும் காணும். கை காலியானால் தெரியும். கோப்பையில் கரைந்தது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. வாளிச் சீனியை நிறுத்தி, வெறுந்தேத்தண்ணியோடு ஆளுக்கு மட்டமான ஒரு கரண்டி கையில் கொடுக்கிற ஏற்பாடு உங்கள் தோட்டத்தில் முடியுமானால், இதற்குக் கீழே நாங்கள் எழுதுகிற படிக்கட்டுக் கணக்கு உங்களுக்குத் தேவையே இல்லை.

அது முடியாத இடத்தில் படிப்படியாக இறக்குங்கள். 10 லீட்டருக்கு இப்போது 1 கிலோ விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு கிழமை 850 கிராம். அடுத்த இரண்டு கிழமை 700. பிறகு 550, பிறகு 400, கடைசியில் 250. பத்துக் கிழமையில் 200 மில்லிலீட்டர் கோப்பைக்கு 20 கிராமாக இருந்தது 5 கிராமுக்கு வந்துவிடும். நாக்குக்குப் பழக்கம் மாற நாள் வேண்டும். ஒவ்வொரு படியிலும் இரண்டு கிழமை நிற்கச் சொல்வது அதற்காகத்தான். முன்பு சாதாரணமாக இருந்த இனிப்பு, கொஞ்ச நாள் கழித்துத் திகட்டும். அந்தத் திகட்டல் வந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

எங்கே பிழைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். முதலாவது, "திங்கட்கிழமை முதல் சீனி கிடையாது" என்று ஒரே அடியாக நிறுத்துவது. அன்றே எல்லோர் மடியிலும் சீனிப் பொட்டலமும் பிஸ்கட்டும் வரும். கணக்கு முன்பை விடக் கூடும். இரண்டாவது, அளவுக் கரண்டி இல்லாமல் கைப்பிடியால் போடுவது. தேத்தண்ணி ஊற்றுகிறவர் மாறினால் அளவும் மாறும். ஒரு டம்ளரில் 250 கிராம் சீனி எந்தக் கோடு வரை நிற்கிறது என்று கடைத் தராசில் நிறுத்து, அந்த இடத்தில் கீறி வைத்துவிடுங்கள். மூன்றாவது, தொடங்குகிற காலம். தென்மேற்குப் பருவமழையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நனைகிற ஜூன், ஜூலையில் சூடான இனிப்புத் தண்ணியைக் குறைக்கச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். தைப்பொங்கல் முடிந்து வெயில் தொடங்கும்போது ஆரம்பித்தால் மழைக்கு முன் நாக்குப் பழகியிருக்கும்.

தேத்தண்ணி மட்டும் இனிப்பு ஆசைக்குக் காரணமில்லை. பத்து மணிக்கு வருகிற சீனி ஆசை காலை ஆறு மணித் தட்டில் பிறக்கிறது. விடிய எழுந்து, பிள்ளைகளை அனுப்பி, இனிப்புத் தேத்தண்ணி ஒன்றை மட்டும் குடித்துவிட்டுப் பெரட்டுக்கு (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்கு) ஓடுகிறவர்கள் பலர். வெறும் வயிற்றில் போகிற சீனி விரைவாக இரத்தத்தில் ஏறும். உடம்பு அதை இறக்க இன்சுலினைச் சுரக்கும். ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் பசி, களைப்பு, கைகால் சோர்வு. அந்த நேரத்தில் உடம்பு கேட்பது மறுபடி இனிப்பைத்தான். சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களும் பெரும்பாலும் கோதுமை மா ரொட்டியும் சம்பலும்தான் சாப்பிடுகிறார்கள். வயிறு நிறையும், ஆனால் நிலைத்து நிற்காது. பருப்பு வகை, முட்டை, மீன் என்று புரதம் சேர்ந்தால்தான் பசி மதியம் வரை தாங்கும்.

ரொட்டியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். ஒரு தோட்டத்து ரொட்டிக்கு 100 கிராம் மா, ஒரு பிடி துருவிய தேங்காய், தட்டிச் சுடுகையில் ஒரு கரண்டி எண்ணெய் என்று வைத்தால் ஏறத்தாழ 450 கலோரி. காலைக்கு இரண்டு, மதியத்துக்கு இரண்டு என்றால் ரொட்டி மட்டுமே 1,800. கூடையைச் சுமந்து நாள் முழுவதும் செங்குத்து மலையில் ஏறி இறங்குகிறவரின் உடம்பு அதைச் செலவழிக்கும். ஆனால் மலையை விட்டவர்கள் ரொட்டியை விடவில்லை. ஓய்வு எடுத்த பாட்டிமார், பிள்ளை பராமரிக்க வீட்டில் நின்றவர்கள், தையல் கடையிலும் காரியாலயத்திலும் உட்கார்ந்து வேலை செய்கிற பிள்ளைகள், டவுனுக்கு ஆட்டோ ஓட்டுகிற தம்பிமார் எல்லோருக்கும் அதே தட்டு, அதே எண்ணிக்கை. வயிறு சுற்றிக் கொழுப்புச் சேர்வது இவர்களிடம்தான் அதிகம் காண்கிறோம்.

ரொட்டியை நிறுத்தச் சொல்லவில்லை. தட்டைத் திருப்பி அடுக்கச் சொல்கிறோம். உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு ஒரு ரொட்டி போதும். கூடவே அவித்த கடலை, பயறு, கௌப்பி இவற்றில் ஒன்று, அல்லது கெட்டிப் பருப்பு, அல்லது ஒரு முட்டை. அதோடு தட்டில் பாதி மரக்கறி. போஞ்சி, கோவா, கேரட், லீக்ஸ், நோக்கோல், முள்ளங்கி என்று நுவரெலியாப் பக்கம் விளைகிறதெல்லாம் நம் வாசலிலிருந்துதான் கொழும்புக்கு லொறி ஏறுகிறது. வீட்டுக் கொல்லையில் வல்லாரையும் முருங்கையும் நின்றால் இன்னும் நல்லது.

கடலையைக் காலையில் அவிக்க நேரமில்லை என்று சொல்வார்கள். இரவு படுக்கப் போகுமுன் ஊற வைத்தால் 8 மணி நேரத்தில் ஊறிவிடும். ஆளுக்குக் காய்ந்த கடலை 40 கிராம் எடுத்தால் அவித்த பின் ஏறத்தாழ 90 கிராம் வரும். அதில் 8 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கும். விறகு மிச்சமாக வேண்டுமானால் ஊறிய கடலையைப் பதினைந்து நிமிடம் கொதிக்க விட்டு, இறுக மூடி அடுப்பு ஓரத்தில் அரை மணி வைத்துவிட்டு, பிறகு மறுபடி கொதிக்க வையுங்கள். உப்பைக் கடைசியில் போடுங்கள். பயறுக்கு ஊறலே தேவையில்லை. காய்ந்த மிளகாயும் கறிவேப்பிலையும் தாளிக்க ஒரு வீட்டுக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும்; தேங்காயை அள்ளிப் போட வேண்டாம்.

குரக்கன் மாவைப் பலர் கேட்கிறார்கள். நல்லதுதான், நார்ச்சத்து அதிகம், பசி தாங்கும். ஆனால் கலோரிக் கணக்கில் கோதுமையோடு பெரிய வித்தியாசம் இல்லை. குரக்கன் ரொட்டி என்று நான்கு சாப்பிட்டால் எடை குறையாது. கலக்கும்போது முதலில் நாலில் ஒரு பங்கு மட்டும் கலவுங்கள். ஒரேயடியாகப் பாதிக்குப் பாதி போட்டால் ரொட்டி ஓரம் வெடிக்கும், வாயில் மணலாகும், வீட்டில் ஒருவரும் தொடமாட்டார்கள். கொதி தண்ணி ஊற்றிக் கரண்டியால் கிளறி, மூடி இருபது நிமிடம் வைத்துப் பிசைந்தால் பிடித்து நிற்கும். மூன்றாம் கிழமை மூன்றில் ஒரு பங்காக்கலாம்.

கருப்பட்டி, கித்துள் பாணி, தேன் இவற்றையும் சீனியோடுதான் எண்ண வேண்டும். "கருப்பட்டி உடம்புக்கு ஒன்றும் செய்யாது" என்று சொல்லி ஒரு துண்டைக் கடித்து ஒரு கோப்பை குடிக்கிறவர்கள் பாதிச் சுண்டுவிரல் அளவுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. சீனிக்குப் பதிலாகப் போடுகிற இனிப்பு வில்லைகளை எடை குறைக்கும் வழியாகப் பயன்படுத்த வேண்டாம் என்று 2023ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது. அவர்கள் தங்கள் வைத்தியரிடம் கேட்டு நடக்கட்டும். வில்லை போட்டால் நாக்கு இனிப்பிலேயே நின்றுவிடும் என்பது எங்கள் கருத்து. நாங்கள் கேட்பதோ நாக்கு இறங்குவதை.

சாயங்காலம் ஐந்து மணி இன்னொரு பொல்லாத நேரம். கொழுந்து நிறுத்து, களைத்து, வயிறு ஒட்டி லயத்துக்கு வரும்போது பாண் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்கும். கண்ணாடிக்குள் சீனி பூசிய கிம்புலா பணிஸ் மினுங்கும். அந்தப் பசியில் யாருக்கும் மனவுறுதி நிற்காது. நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆட்டோ வருமுன் வாயில் ஏதாவது இருக்க வேண்டும். காலையில் அவித்ததில் ஒரு பிடி கடலையை மூடி வைத்துவிட்டுப் போனால், வந்த உடனே அதைத் தின்று, சீனியில்லாத தேத்தண்ணி ஒன்றைக் குடிக்கலாம். கொய்யா, பெயர்ஸ், நெல்லிக்காய், வெரளிக்காய் எதுவும் நல்லது. கச்சான் தின்பவர்கள் 30 கிராமில் நிறுத்த வேண்டும், அதிலேயே 170 கலோரி இருக்கிறது. ஆசை வந்த உடனே "இல்லை" என்று மல்லுக்கட்டாமல், ஒரு பதினைந்து நிமிடம் தள்ளிப்போட்டு இந்த வேலைகளைச் செய்தால் பெரும்பாலும் அது தணிந்துவிடும். தணியாவிட்டால் ஒரு பணிஸைப் பாதியாக்கி இன்னொருவரோடு பகிர்ந்து சாப்பிடுங்கள், அதற்காக மனம் நொந்துபோக வேண்டாம்.

பெக்டரியில் இரவு வேலை செய்கிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். தூக்கம் கெட்டால் பசி கூடும், இனிப்பு ஆசையும் கூடும். இரவு இரண்டு மணிக்குக் குடிக்கிற சீனித் தேத்தண்ணிக்குப் பதிலாக, வேலைக்குப் போகுமுன் வயிறார ஒரு சாப்பாடும், நடுவில் அவித்த முட்டையோ பயறோ இருக்கட்டும். விடிந்து வந்து மறுபடி முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் படுப்பதுதான் இவர்களுக்கு எடை ஏறுகிற வழி.

எடை பார்க்கிற முறை: கிழமைக்கு ஒரு நாள், ஒரே தராசில், காலையில் சாப்பிடுமுன். தினமும் ஏறி நின்றால் தண்ணி ஏறி இறங்குவதைப் பார்த்து மனம் சோரும். அளவு நாடா இருந்தால் இடுப்புச் சுற்றளவையும் எழுதுங்கள். நம் தெற்காசிய உடம்புக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. அதற்கு மேல் போனால் நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் அபாயம் கூடுகிறது, பார்வைக்கு ஒல்லியாக இருந்தாலும்கூட. நாளைக்குச் சீனியில் 50 கிராமும் அரை ரொட்டியும் குறைத்தால் நாளைக்கு 400 கலோரிக்கு மேல் குறையும். காகிதக் கணக்கில் கிழமைக்கு 400 கிராம் அளவுக்கு எடை இறங்க வேண்டும். நடைமுறையில் முதல் மாதம் கூடுதலாகவும் பிறகு மெதுவாகவும் இறங்கும். 70 கிலோ உள்ளவர் 5 கிலோ குறைத்தாலே பெரிய பலன் உண்டு. அமெரிக்காவில் நடந்து 2002ல் முடிவு வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், எடையில் நூற்றுக்கு ஏழு பங்கைக் குறைப்பதும் கிழமைக்கு 150 நிமிடம் நடப்பதும் இலக்காக இருந்தது. அந்தக் குழுவில் நீரிழிவு வருவது நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது.

இனி, யாருக்கு இது பொருந்தாது என்பதைத் தலைவர்மார் கண்டிப்பாக மனதில் வைக்க வேண்டும். 2016ல் எடுத்த தேசிய மக்கள்தொகை சுகாதார ஆய்வில் தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பிள்ளை வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தது. ஒரே லயக் காம்பராவில் எடை கூடிய அம்மாவும் எடை போதாத பிள்ளையும் இருப்பது நம் நிலைமை. எடை குறைந்து பிறந்து வளர்கிற பிள்ளைக்குப் பெரியவனாகும்போது நீரிழிவு அபாயம் கூடுகிறது. ஆக இரண்டும் ஒரே கதையின் இரு முனை. பிள்ளைக்கும், கர்ப்பிணிக்கும், பாலூட்டுகிற தாய்க்கும், மெலிந்த முதியவருக்கும் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. அவர்களுக்குச் சீனியைக் குறைத்து அந்த இடத்தில் முட்டை, கடலை, நெத்தலி, கீரை கூட்ட வேண்டும். மிட்வைஃப் கொடுக்கிற திரிபோஷாச் சத்துமாவை வீட்டில் எல்லோரும் பகிர்ந்து உருண்டை பிடிப்பதையும் நிறுத்துங்கள், அது அந்தத் தாய்க்கும் பிள்ளைக்கும் அளந்து கொடுத்தது. சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. இரத்தம் குறைந்த பெண்கள் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும்.

நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறவர்களும், கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரை எடுக்கிறவர்களும் சாப்பாட்டையும் சீனியையும் திடீரென்று குறைத்தால் இரத்தச் சீனி அளவுக்கு மேல் இறங்கிவிடும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, கண் இருட்டு. செங்குத்தான மலையில் அந்த நேரத்தில் கால் தவறினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படி வந்தால் உடனே உட்கார வைத்து, மட்டமான மூன்று கரண்டிச் சீனியைத் தண்ணியில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்த பின் ரொட்டியோ பிஸ்கட்டோ சாப்பிட வையுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். கங்காணிமாரிடம் எப்போதும் ஒரு சீனிப் பொட்டலம் இருக்கட்டும். இந்த மடலில் சீனிப் பொட்டலம் வைத்துக்கொள்ளச் சொல்கிற ஒரே இடம் இதுதான். இப்படிப்பட்டவர்கள் சீனியைக் குறைக்கத் தொடங்குமுன் கிளினிக்கில் சொல்லி மருந்து அளவைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

தனக்கு நீரிழிவு இருக்கிறதா என்றே தெரியாதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அரசாங்க வைத்தியசாலைகளில் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் இருக்கின்றன. 35 வயது தாண்டியவர்களுக்கு எடை, இரத்த அழுத்தம், இரத்தச் சீனி எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் 100 மில்லிலீட்டருக்குச் சீனி 100 முதல் 125 மில்லிகிராம் இருந்தால் எச்சரிக்கை எல்லை, 126ம் அதற்கு மேலும் இருந்தால் மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும். அரை நாள் சம்பளம் போகுமே என்றுதான் யாரும் போவதில்லை. நிர்வாகத்தோடு பேசி மாதம் ஒரு நாள் இருபது பேரை லொறியில் அனுப்பி, அன்றைய பேரை (அந்த நாள் சம்பளக் கணக்கை) போட வைப்பது தலைவர்மார் செய்யக்கூடிய காரியம். சம்பளப் பேச்சுக்குப் போகிற மேசையில் இதையும் ஒரு வரியாகச் சேருங்கள்.

கடைக்காரரிடமும் பேசுங்கள். கடலை, பயறு, கௌப்பி மூட்டை உள்ளே இருட்டில் கிடக்க, முன்கண்ணாடியில் பிஸ்கட்டும் டொபியும் நிற்கிறது. 250 கிராம் பொட்டலமாகக் கட்டி முன்னால் வைத்தால், பற்றில் வாங்குகிறவர்களும் எடுப்பார்கள். பிள்ளைக் காம்பராவில் (வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்க்கிற இடத்தில்) நான்கு மணிக்குக் கொடுக்கிற இனிப்பு பிஸ்கட்டுக்குப் பதில் அவித்த பயறோ வாழைப்பழமோ கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். கூட்டம் வைத்தால் வருகிற விருந்தாளிக்குச் சிவப்புப் புள்ளிச் சோடா உடைத்துக் கொடுப்பதை மரியாதை என்று வைத்திருக்கிறோம். 400 மில்லிலீட்டர் போத்தலில் 40 கிராமுக்கு மேல் சீனி. நல்ல தேத்தண்ணி ஊற்றிக் கொடுங்கள், அதைவிட நமக்கு ஏது பெருமை.

கோயில் கமிட்டியிலும் நீங்களே இருக்கிறீர்கள். சாமிக்குப் படைக்கிற சக்கரைப் பொங்கலில் கை வைக்கச் சொல்லவில்லை. அது உள்ளங்கை அளவு பிரசாதமாக இருந்தபோது யாருக்கும் கெடுதி செய்யவில்லை. இப்போது பொலித்தீன் பையில் கட்டி வீட்டுக்கு அனுப்புகிறோம். மறுபடி உள்ளங்கைக்குக் கொண்டுவாருங்கள். தேர் வரும்போது தாகசாந்திக்குக் கொடுக்கிற சிவப்புச் சர்பத்துக்குப் பதில் மோரோ, உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணியோ கொடுக்கலாம். அன்னதானத்தில் சோறு ஒரு கரண்டி குறைத்து பருப்பும் போஞ்சியும் ஒரு கரண்டி கூட்டலாம். தீபாவளிப் பலகாரத்தை மூன்று நாளில் முடித்துவிடுங்கள். டின்னில் அடைத்து ஒரு மாதம் வைத்திருந்தால் அந்த மாதம் முழுவதும் தேத்தண்ணிக்கு இனிப்புத் துணை இருக்கும்.

தைப்பொங்கல் கழிந்த முதல் திங்கட்கிழமை தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். முந்தின சனிக்கிழமை தேத்தண்ணி ஊற்றுகிறவரையும், மாதர் சங்கத்தில் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு, இப்போது வாளிக்கு விழுகிற சீனியைக் கடைத் தராசில் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். அந்த எண்ணையும் அடுத்த ஐந்து படிகளின் எண்களையும் தேதியோடு கொழுந்து மடுவத்துச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வையுங்கள். கொழுந்து நிறுக்க வருகிற ஒவ்வொருவர் கண்ணிலும் அது பட வேண்டும்.

இப்படிக்கு,
மலையகத் தோட்டங்களில் சத்துணவு, நீரிழிவுத் தடுப்பு வேலையில் இருக்கும் சிலர்